தொட்டிக்கு ஒரு பை

ஜூன் 3, செவ்வாய்

இன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள் இன்றைக்கு மட்டும் விட்டால், ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். ஒன்றும் இல்லை.

காலை பத்தரைக்கு டாக்டர் நஸீமா கூப்பிட்டார். எங்கள் செங்கரடு அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளர். வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து பசுமை, பசுமை. குண்டு பல்பெல்லாம் போய் எல்.ஈ.டி. வந்தது, காகிதக் கப் போய் எவர்சில்வர் டம்ளர் வந்தது, மொட்டை மாடியில் சூரியத் தகடு வந்தது. குப்பைத் தொட்டிக்குக்கூட மக்காச்சோள மாவில் செய்த மக்கும் பை. இதற்கெல்லாம் விவரக்குறிப்பு டைப் அடித்தது யார்? ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் இந்த மங்கையர்க்கரசி. பேப்பரில் படம் வந்தது யாருடையது என்று கேட்க வேண்டாம். அடுத்த மாதம் பசுமை மருத்துவமனை விருதுக்குப் பார்வையிட வருகிறார்களாம், ஸ்டோர் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சரிங்க மேடம் என்று வந்துவிட்டேன்.

மதியம் பன்னிரண்டரைக்குப் பெண்கள் வார்டு மாடிப்படியில் அந்தோணியம்மாளுக்கு ஊசி குத்திவிட்டது. ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவள். சாப்பாட்டுக் குப்பையை அந்த மக்கும் பச்சைப் பையில் கட்டித் தூக்கி வந்திருக்கிறாள், பாதிப் படியில் பை அடியில் பிய்ந்திருக்கிறது. சிந்தாமல் இருக்க இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கியிருக்கிறாள். உள்ளே எந்தப் புண்ணியவதியோ போட்ட, மூடியில்லாத ஊசி. கையுறைக்கு மேலே, முழங்கைக்குக் கீழே இறங்கிவிட்டது. எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று தெரியாது. உடனே கழுவி, ரத்தம் எடுத்து, எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையில் முதலாவதைக் கொடுத்துவிட்டார்களாம்.

சாப்பாட்டுக் குப்பையில் ஊசியைப் போட்டவர் மீதல்லவா குற்றம்? நான் பையைக் கொடுத்தவள், ஊசியைப் போட்டவள் அல்ல. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குள் பச்சைப் பைகள் இருந்த அட்டைப் பெட்டிகளையெல்லாம் பிரித்து, பைகளைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். அட்டைகளைக் கிழித்துக் குப்பையில் சேர்த்தேன். ஸ்டோரில் எலித் தொல்லை.

வீட்டில் கோதுமை உப்புமா. இவருக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 4, புதன்

ஒன்றேகால் மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் அந்தோணியம்மாள்.

“மேடம், ஒரு ஒத்தாசை.”

“பை கிடையாது,” என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

“பை கேக்க வரல மேடம்.”

கையில் ஒரு வெள்ளை டப்பா. இருபத்தெட்டு நாள், நாளுக்கு ஒன்று, ஒரு நாள்கூட விடக் கூடாது, முடிந்தவரை ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

“இத உங்க மேசைக்குள்ள வச்சுக்கிருங்க மேடம். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான். ஊசி குத்துச்சுன்னா நம்பவா போறாரு? சோத்துத் தட்டத் தனியா வச்சுருவாரு.”

“நர்ஸ் ரூமில் வையேன்.”

“அங்க பத்துப் பேரு வருவாக போவாக. உங்க மேசைக்குத்தான் பூட்டு இருக்கு.”

என்ன சொல்வது? இந்த டப்பாவைக் கண்டால் ஊர் என்ன பேசும் என்று எனக்கும் தெரியும். வாங்கி இழுப்பறையில் வைத்தேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். என் வாட்டர் ஃபில்டரில் தண்ணீர் பிடித்து விழுங்கினாள். விழுங்கி முடிக்கும்வரை கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

“இம்புட்டுப் பெருசா இருக்கு மேடம், தொண்டையில நிக்கிது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

சனி ஞாயிறு எனக்கு விடுமுறை. இரண்டு மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்தேன். சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். டப்பாவோடு கொண்டு போ என்றேன், தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

கேஸ் புக் செய்தேன். முருங்கைக்காய் கொள்ளை விலை.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைக்கும்போது புடவைக் கொசுவத்திலிருந்து பச்சையாக ஏதோ உதிர்ந்தது. நொறுங்கிய அப்பளம் மாதிரி சின்னச் சின்னத் துண்டு. மக்கும் பையின் துணுக்கு. ஸ்டோரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். உதறினேன். சாயங்காலம் பார்த்தால் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒன்று.

இவர் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார்.

“என்ன இது, தொட்டாலே மாவாப் போகுது?”

“ஆபீஸ் சாமான்.”

“இதுலயா குப்பை அள்ளுறாங்க?”

ரசம் அடுப்பில் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். பொங்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

விசாரணை. பெரிய விசாரணை ஒன்றும் இல்லை, கண்காணிப்பாளர் அறையில் நாலு நாற்காலி. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் கருணாகரன் வந்திருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றிலும் மை இருக்குமா என்பது சந்தேகம்.

“டிராலியில வச்சுத் தள்ள வேண்டியதக் கையில தூக்கிருக்கு மேடம் இந்தம்மா. கவனக்குறைவு. எங்க கம்பெனி இதுக்கு எப்பிடிப் பொறுப்பாகும்?”

மாடிப்படியில் டிராலி எப்படி இறங்கும் என்று டாக்டர் நஸீமா கேட்டார். கருணாகரன் சட்டைப் பைப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் டாக்டர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“அரசி மேடம், நான் ஒளிவுமறைவில்லாமக் கேக்குறேன். பை நல்ல நிலைமையிலதான் குடுத்தீங்களா? இந்தப் பையே மட்டம்னா, மக்கும் பை வேண்டாம், பழைய பிளாஸ்டிக்குக்கே போங்கன்னு மேல சொல்லிருவாங்க. நாம ரெண்டு வருஷம் பட்ட பாடெல்லாம் போயிரும். பை நல்ல பைதான், வேற ஏதோ தப்பு நடந்திருக்குன்னா அதையும் சொல்லுங்க. எனக்கு நடந்தது தெரியணும். எழுத்துல குடுங்க.”

அந்தோணியம்மாள் சுவரோரம் நின்றாள். அவளுக்கு நாற்காலி இல்லை. இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசு என்று யாரும் சொல்லவில்லை.

ஸ்டோர் என்றால் ஒரு முறை இருக்கிறது. பழைய இருப்பு தீராமல் புதியதைத் தொடக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கற்றது. முப்பத்தொரு வருடம் அதை மீறியதில்லை. தணிக்கைக்கு வருகிறவர்கள் என் அலமாரியைப் பார்த்து, மற்ற ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரர்களை இங்கே வந்து கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மக்கும் பை வந்தபோது பழைய பிளாஸ்டிக் பை ஒரு மலை இருந்தது. அது தீரட்டும் என்று புதியதைப் பின் அலமாரியில் ஏற்றினேன். இதில் என்ன தப்பு?

ஜூன் 11, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘பைகள் நல்ல நிலையில் வழங்கப்பட்டன. கையாளுவதில் கவனக்குறைவு நேர்ந்திருக்கலாம்.’

இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை. ஒரு வரி மட்டும் இருந்தால் தாள் வெறுமையாக இருந்தது.

ஒன்றேகாலுக்கு வந்தாள். கையை நீட்டினாள். கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மாத்திரை போட்ட பத்தாவது நிமிடம் ஸ்டோர் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். நான் போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். சட்டென்று யோசிக்காமல் செய்துவிட்டேன். வியர்வை, டெட்டால், அதற்கு மேல் புளித்த சோள வாசனை. அந்த வாசனை அவளிடமிருந்து வந்ததா, என்னிடமிருந்து வந்ததா தெரியவில்லை.

மாத்திரையும் வந்துவிட்டதா என்று பயந்து டாக்டரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். இன்னொன்று கொடுத்துவிடுங்கள், டப்பாவில் ஒன்று உபரி இருக்கும் என்றார். மறுபடி கையை நீட்டினாள். மறுபடி கொடுத்தேன்.

“மக ப்ளஸ் டூ மேடம். நர்சுக்குப் படிக்கணுமாம். இங்க வந்து நான் படுறதப் பாத்துட்டுமா அந்த ஆச?” என்று சிரித்தாள். “ரத்தம் பாக்க இன்னும் ரெண்டு தடவ இருக்காம். கடைசி செப்டம்பர் மூணு. அதுல ஒண்ணுமில்லன்னு வந்துட்டா வேளாங்கண்ணிக்கு நடந்தே போவேன்.”

“வராது. ஒன்றும் வராது,” என்றேன்.

“உங்களுக்கு எப்பிடி மேடம் தெரியும்?”

சும்மா கேட்டாளா, குத்திக் கேட்டாளா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விருதுக்குப் பார்வையிட வருகிறார்கள், வேலை இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். ஸ்டோரைத் திறந்து, ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்து, பூட்டிவிட்டுத் திரும்பினேன். அதற்கு இரண்டு பஸ்.

வரும்போது கண்டக்டர் சில்லறைக்குக் கை நீட்டினார். எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. உள்ளங்கை, அதில் ரேகைக்குள் படிந்த கறுப்பு. அவள் கை மாதிரியே. ரேஷன் கடையில், கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் யாராவது கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவ்வளவு கைகள் இத்தனை நாள் எங்கே இருந்தன?

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டோருக்குள் சத்தம் கேட்கிறது.

பட்டப்பகல், பதினொரு மணி. மின்விசிறி ஓடவில்லை, ஜன்னல் சாத்தியிருக்கிறது. பின் அலமாரியில் சாக்குக்குள்ளிருந்து சரசரவென்று. நிறுத்தும், மறுபடி தொடங்கும். எலிதான் என்று கம்பை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கை அவிழ்த்தேன். எலி இல்லை. பைகள் தம் பாட்டுக்கு உடைந்துகொண்டிருந்தன. மேலே இருந்தவற்றின் கனத்தில் கீழே இருந்தவை நொறுங்கி, சாக்கின் அடியில் பச்சைத் தூளாகக் கிடந்தது. கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஐயோ என்று கையை வெளியே இழுத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கை கழுவினேன்.

இங்கே எலியே கிடையாது. போன வருடமே பொறி வைத்துப் பிடித்துவிட்டோம். எழுதித் தொலைக்கிறேன்.

அட்டைப் பெட்டியில், பக்கவாட்டில், கட்டை விரல் அளவுக்குக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: தயாரித்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்படுத்தவும், சூடும் ஈரமும் படாமல் வைக்கவும். வந்த அன்றே படித்தேன். பிஸ்கட்டா, மாத்திரையா, பைக்கு என்ன காலாவதி என்று நினைத்தேன். பழையது தீரட்டும் என்று தகரக் கூரைக்கு அடியில், கோடை ஒன்று, மழைக்காலம் ஒன்று, மறுபடி கோடை, பத்தொன்பது மாதம் வைத்தேன். மக்குவதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய பையை, மக்காத பை தீரும்வரை பூட்டி வைத்தேன். அது தன் வேலையைப் பார்த்துவிட்டது. பையில் குற்றமில்லை. வாங்கச் சொன்ன டாக்டர் மேலும் குற்றமில்லை. நூறு சதவீதம் பசுமைக் கொள்முதல் என்று மேலே அறிக்கை போனது, வாங்கியதைத்தானே கணக்கில் எடுப்பார்கள், எப்போது பிரித்தோம் என்று யார் கேட்டார்கள்? மே மாதம் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியபோதே ஓரம் பிய்ந்தது. பார்த்தேன். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31 எனக்கு ஓய்வு. இப்போது துறை நடவடிக்கை என்று ஒன்று வந்தால் ஓய்வே கொடுக்க மாட்டார்கள். எத்தனை பேர் பென்ஷனுக்குப் பத்து வருடம் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் அட்டையைக் கிழித்தேன். அவளுக்கு ஒன்றும் வராது. மாத்திரை போடுகிறாள், வராது.

ஜூன் 19, வியாழன்

தலைவலி. சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்குத் தபாலில் ஒரு நகல் வந்தது, ஒப்பந்தக்காரர் டாக்டருக்கு எழுதிய கடிதம். ‘பண்டகசாலைப் பொறுப்பாளரின் சான்றில் கவனக்குறைவு என்று குறிப்பிடப்பட்டிருப்பதால், மேற்படி அந்தோணியம்மாள் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார்.’ யாரும் கேட்காத அந்த இரண்டாவது வரி. அது மட்டும்தான் அந்தக் கடிதத்தில் இருந்தது. நேற்று சாயங்காலமே கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். டாக்டர் மூன்று நாள் பயிற்சிக்கு மதுரை போயிருக்கிறார், திங்கள்தான் வருவார். சமயம் பார்த்துச் செய்திருக்கிறான் கருணாகரன்.

ஒன்றேகால் ஆனது. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை. கேட்டுக்குப் போய்க் காவலாளியைக் கேட்டேன்.

“வந்துச்சு மேடம். ஸ்டோர் வரைக்கும் போய்ட்டு வாரேன்னுச்சு. உள்ள விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு.”

டப்பா என் இழுப்பறையில். இன்னும் பதினோரு நாள். ஒரு நாள்கூட விடக் கூடாது. கருணாகரனிடம் வீட்டு விலாசம் கேட்டால், எதுக்கு மேடம் என்கிறான். கொடுக்கிறாயா, இல்லை உன் மூன்று பேனாவையும் பிடுங்கி எறியவா என்று கத்திவிட்டேன். கொடுத்தான். அரை நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. தெருக் குழாயில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நீட்டினாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. மணி மூன்றரை. அவள் விழுங்கி முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“உள்ள வாங்க மேடம். தண்ணி குடிக்கிறீகளா?”

உள்ளே போய் டப்பாவை அவள் கையில் திணித்தேன். “இதை எங்கேயாவது அரிசிப் பானைக்குள் ஒளித்து வை. உன் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.”

“அவருக்குத் தெரியும் மேடம்.”

“என்னது?”

“மொத நாளே சொல்லிட்டேன். தேம்பித் தேம்பி அழுதாரு. இப்ப தெனம் காலையில பெயிண்ட் அடிக்கப் போறதுக்கு முன்னாடி அவருதான் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்துட்டுப் போறாரு. ஒரே தட்டுலதான் திங்கிறோம்.”

“அப்புறம் எதற்கு என்னிடம் கொடுத்து வைத்தாய்?”

அவள் பாயை விரித்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை.

“ஊசி குத்துன அன்னைக்குக் காலையில உங்ககிட்ட வந்து ரெண்டு பை கேட்டேன் மேடம். பை அடியில பிய்யுது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டுத் தூக்கிக்கிறேன்னேன். நீங்க என்ன சொன்னீக?”

இதை நான் அன்றைக்கு இந்த நோட்டில் எழுதவில்லை. உப்புமாவைக்கூட எழுதினேன், இதை எழுதவில்லை. நான் சொன்னது இதுதான்: “தொட்டிக்கு ஒரு பைதான். பசுமைன்னா சிக்கனம்னு அர்த்தம். பிய்யாமத் தூக்கத் தெரியலன்னா வேற வேலை பாரு. உங்களுக்கெல்லாம் குடுத்துக் கட்டாது.” என் பின்னால் ஆயிரக்கணக்கில் பை இருந்தது.

“நான் போயிச் சொன்னா யாரு கேப்பா?” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “விசாரணையில எனக்கு ஒரு சேரு போடல. நீங்க சொன்னா கேப்பாக. உங்க கையெழுத்துக்கு மருவாதி இருக்கு. தெனம் உங்க கையாலயே எடுத்துக் குடுத்தா, ஒரு நாளாச்சும் மனசு கேக்காம வாயத் தொறப்பீகன்னு பாத்தேன். பதினேழு நாளு மேடம். கண்ட நாளெல்லாம் உங்க மொகத்தத்தான் பாத்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்து அவள் ஒன்றும் இளகிவிடவில்லை. டப்பாவைத் திரும்ப என் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

“நாளைக்கும் கொண்டாங்க,” என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று அவள் வீட்டுக்காரர் இருந்தார். கை எல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு. வாங்கம்மா என்றார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். வாங்கம்மா என்றாரே, அதுதான் தாங்கவில்லை.

இவரிடம் சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை. குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எழுதிக் குடுத்துரு,” என்றார். “பென்ஷன் நின்னா என் பென்ஷன்ல கஞ்சி குடிப்போம். நீ பொழுதெல்லாம் புடவைய உதறிக்கிட்டுத் திரியுறத என்னால பாக்க முடியல.”

நான் புடவையை உதறிக்கொண்டா இருந்தேன்?

ஜூன் 23, திங்கள்

கொடுத்துவிட்டேன். முதல் சான்று பொய் என்றும், பைகள் ஏழு மாதம் காலாவதியானவை என்றும், பெட்டிகளைக் கிழித்தது நான் என்றும், பை கேட்டவளை விரட்டியது நான் என்றும் நாலு பக்கம். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல அலுவலகக் கடிதம் அதுதான்.

டாக்டர் நஸீமா இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து என்னோடு ஸ்டோருக்கு வந்தார். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி தூளை எடுத்துப் பார்த்தார்.

“நானும் ஒரு தடவை இங்க வந்து பாத்திருக்கணும்,” என்றார். “வாங்குனதோட வேலை முடிஞ்சதுன்னு நெனச்சுட்டேன்.” தூளைச் சாக்கில் திரும்பப் போட்டுவிட்டு, “உங்கள என்னால காப்பாத்த முடியாது அரசி மேடம்.”

“காப்பாத்தச் சொல்லி வரல மேடம். அவளை வேலைக்குக் கூப்பிடுங்க.”

விருதுக்குப் பார்வையிட வர வேண்டாம் என்று என் முன்னாலேயே போன் செய்துவிட்டார்.

ஜூன் 26, வியாழன்

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. சாவிக் கொத்தை ஒப்படைத்தேன். புதிதாகப் பொறுப்பேற்றவர் இனி மூன்று மாதத்துக்கு வேண்டிய பை மட்டும் வாங்குவாராம், வந்த தேதியை அலமாரியில் பெரிதாக எழுதி ஒட்டுவாராம். இதற்கு முப்பத்தொரு வருட அனுபவம் தேவையில்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றேகாலுக்கு ரயில்வே கேட் தாண்டி.

ஜூன் 30, திங்கள்

இருபத்தெட்டாவது மாத்திரை. விழுங்கிவிட்டு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள், காலி.

அவளுக்கு நாளையிலிருந்து வேலை. டாக்டர் விட்டேனா பார் என்று ஒப்பந்தக்காரரை உலுக்கி எடுத்திருக்கிறார். நின்ற நாட்களுக்கும் சம்பளம் உண்டாம். மகள் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தாள். என்னை யார் என்று சொல்லியிருக்கிறார்களோ தெரியவில்லை, டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். காபியைக் குடித்தேன்.

“மன்னித்துவிடு அந்தோணியம்மா,” என்றேன். இதைச் சொல்லத்தான் பத்து நாளாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “அத இப்பச் சொல்ல முடியாது மேடம். செப்டம்பர் மூணாந்தேதி பாப்போம்.”

சரி என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்தாள்.

“நாளைக்கு ஒன்னேகாலுக்கு ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட வந்து நில்லுங்க. உங்கள உள்ள விட மாட்டாக. நான் வெளிய வாரேன்.”

“மாத்திரைதான் தீர்ந்துபோச்சே?”

“மாத்திரை தீந்துபோச்சு. எனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல? வந்து நில்லுங்க. நான் பாத்துட்டுப் போயிருவேன்.”

போகாமல் இருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது.